தட்டிப் பார்க்காத கல்

என் உயிரான அண்ணாவுக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் எழுத வருகிறது. அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா, படித்துவிட்டு நீயே சொல். நம் செஞ்சி ஜனங்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் உன் சாணைப் பட்டறை, அந்த ஷீட் கொட்டகை, பூட்டியே கிடந்தது. போன மாதம் அண்ணி பூட்டைத் திறந்தார். வல்லத்துக்காரர்கள் அரிவாளும் களைக்கொத்தும் தூக்கிக்கொண்டு வந்து, சாணை பிடிக்க ஆளில்லாமல் திரும்பிப் போகிறார்களாம். "இனிமே நானே ஓட்டுறேன் பாப்பா. நீ போயி நல்ல கல்லா ரெண்டு வாங்கினு வா," என்றார். யாரைப் போய்க் கேட்டார், பார்த்தாயா!

விழுப்புரத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவள் என்பதால் உன் சாணை மெஷினுக்குக் கல் வாங்குவது எப்போதும் என் பொறுப்புதானே. முதல் தடவை அழகாக இருக்கிறதென்று பச்சைக் கல்லை வாங்கி வந்தேன். "இன்னா இது? அரிவாளுக்கு எவனாச்சும் பச்சைக் கல்லு போடுவானா? சாம்பக் கல்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!" என்று நாலு பேர் எதிரில் கத்தினாய். அந்த ரோஷம் எனக்குள் ஆறவே இல்லை. நம் வீட்டு ரத்தம், உனக்குத் தெரியாததா?

அதனால்தான் அண்ணா, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

மகாளய அமாவாசை அது. மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் பஸ்ஸுக்குள் மூச்சுவிட இடமில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பிதுங்கி இறங்கும்போது பையின் காது அறுந்தது. உனக்கு வாங்கி வந்த புதுக் கல் சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பவும் உன்னிடம் திட்டு வாங்க வேண்டுமா என்று நினைத்தேன்.

கல்லின் நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவைத்து, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டுவாய். நல்ல கல் ணங்கென்று பாடும். உள்ளே விரிசல் இருந்தால் சட்டியைத் தட்டியதுபோல் சத்தம் செத்துப்போகும். அதுவரை தட்டாமல் ஒரு கல்லைக்கூட நீ மாட்டியதில்லை. ஆயுத பூஜைக்கு முன் வேலை மலையாகக் குவிந்திருந்தது. புதுக் கல்லோடு பூஜை போட வேண்டும் என்ற அவசரம் வேறு. "தட்டிப் பாத்தியா?" என்று கேட்டாய். "கடையிலயே பாத்துட்டேன்" என்றேன். நம்பி மாட்டினாய்.

பூஜையில் அண்ணி கல்லுக்குச் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தார். மறுநாள் நீளக் கொடுவாள் ஒன்றுக்குச் சாணை பிடிப்பதற்காகக் கல்லின் மேல்மூடியைக் கழற்றினாய். சுவிட்சைப் போட்டாய். கல் வெடித்து உன் நெற்றியில் அடித்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் உன் உயிர் போய்விட்டது.

"சந்தனத்தைத் தொடைக்காம விட்டனே, ஒரு பக்கம் பாரமாயி வெடிச்சிருச்சே," என்று அண்ணி மார்பில் அறைந்துகொண்டு அழுதார். ஊரும் ஆமாம் ஆமாம் என்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஒரு வருஷம் தடவிக் கொடுத்தேன், அண்ணா! என்னைவிடப் பாவி உண்டா? அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சந்தனத்தைத் தொடவில்லை.

இந்தத் தடவை கடைக்காரரை அரைமணி நேரம் படுத்தி எடுத்துவிட்டேன். சாம்பல் கல்லிலேயே இரண்டு: மொக்கையை எடுக்க முப்பத்தாறாம் நம்பர், கூராக்க அறுபதாம் நம்பர். மேலே அச்சடித்திருக்கும் வேகம் நம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, நடு ஓட்டை சரியாக உட்காருமா என்று பார்த்தேன். தட்டியும் பார்த்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணி வாசலிலேயே கேட்டார். "தட்டிப் பாத்தியா?"

உன் கேள்வி. "இங்கயும் ஒருவாட்டி தட்டலாம் அண்ணி," என்றேன். விரலில் மாட்டித் தட்டினார். ணங்கென்றது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அந்தக் கல்லும் இப்படித்தான சத்தம் போட்டுச்சு?"

"அத நான் தட்டவே இல்ல அண்ணி. கீழ போட்டுட்டேன். அண்ணங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் அழவில்லை. விரலில் இருந்த கல்லைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அப்ப சந்தனம் இல்லியா?"

"இல்ல அண்ணி."

"சந்தனம் இல்லியா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு, "கல்ல வச்சிட்டுப் போ," என்றார்.

அதோடு என்னிடம் பேச்சில்லை. போனால் கதவு திறப்பதில்லை. கோபம் நியாயம்தான். நேற்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். மேல்மூடியை ஒழுங்காகப் போட்டு, அரிவாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். மெஷினின் மேல் ஒரு சின்னச் சந்தனப் பொட்டு இருந்தது.

என்னை மன்னி என்று கேட்க மாட்டேன். அண்ணி பேசினாலும் பேசாவிட்டாலும், அந்த மெஷினுக்குக் கல் தேய்கிறபோதெல்லாம் நான்தான் வாங்கி வருவேன். அவர் காது கேட்க வாசலில் நின்று தட்டிக் காட்டி, வைத்துவிட்டு வருவேன். வழியில் கைதவறி விழுந்தால் விழுந்தது என்று சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் கூடப்பிறந்த தங்கச்சி