மஞ்சக்கோடு போட்ட பனியன்

ஞாயித்துக்கிழமை, ராத்திரி

பாப்பு, இன்னைக்கு நான் ஒருத்தனைக் கத்திரியால குத்திப்போட்டேன்.

மில்லு விடுதியில வேலைக்கு வந்த பொம்பளைப் புள்ளைகளைப் பூட்டி வெக்கறதை ஏன்னு கேட்டதுக்குத்தானே உன்னைய அடிச்சே கொன்னானுங்க. நீ சம்பளமில்லாம ஓடியாடி வேலை செஞ்ச இளைஞர் சங்கத்துக் கமிட்டிக்காரங்க, உன்ற எடத்துல, பெத்தவ என்னைய உக்காரச் சொன்னாங்க. போனேன். கூட்டம் நடக்கறப்ப, மஞ்சக்கோடு போட்ட நீலப் பனியன் ஒண்ணு உள்ள வந்துச்சு. கேமராவுல பதிவான படத்துல, உன்னைய அடிச்சவனுங்கள்ல ஒருத்தன் போட்டிருந்த அதே பனியன். மொகத்தை நான் பாக்கவே இல்லை. பனியன் கம்பெனியில நான் நூல் பிசிறு வெட்டற கத்திரி பையில இருந்துச்சு. எடுத்துத் தோள்ல எறக்கினேன். ரத்தம் மூஞ்சியில அடிச்சுது. மறுபடியும் ஓங்கினேன்.

"அம்மா, நம்ம பிரபுங்கம்மா! நம்ம கமிட்டிங்கம்மா!"ன்னு கத்திக்கிட்டே என்னையப் புடிச்சாங்க.

எக்ஸ்போர்ட்டுல கழிச்ச பனியன். மலிவுன்னு ஊரே வாங்கிப் போட்டிருக்குது. எனக்குத் தெரியாதா? நானே பிசிறு வெட்டுன சரக்கு.

தையல் போட்டப்பறம் பிரபு சிரிக்கறான். "நல்லவேளை, நீங்க கட்டிங் மாஸ்டர் இல்லீங்கம்மா, பொழச்சேன். அடுத்த கூட்டத்துக்கும் வந்துருங்க."

அவன்தான்னு நெனச்சுக் குத்தினப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு பாப்பு. இந்தக் கையோட போயி உன்ற எடத்துல நான் உக்காரலாமா?