கனடாப் பிள்ளை மாற்றிய முடிவு

நவம்பர் 3, திங்கள்

விடிய முதலே மழை. இவருக்குச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நனைந்த கவலை. எனக்கு இணையத் தொடரின் அத்தியாயம் 18 இன்னும் வரவில்லை என்ற கவலை.

எங்கள் வாட்ஸப் வாசிப்புக் குழுவில் போன கிழமை வாசித்ததைப் பற்றிக் கதைத்தோம். மூன்று பேர்தான்: குருநகர் ஜெசிந்தா, வல்வெட்டித்துறை பவா ரீச்சர், நான். முதல் நாவல்: பணக்கார நாயகன், கட்டாயக் கலியாணம், புத்தகம் முழுக்க முறைப்பு. ரீச்சர் குரலில் அனுப்பியது: "உவனுக்கு வேலைவெட்டி ஒண்டும் இல்லையோ? எந்த நேரமும் கதவிலை சாய்ஞ்சுகொண்டு நிக்கிறான்." ஜெ. அதற்கும் அழுதாளாம். அவள் சோப்பு விளம்பரத்துக்கும் அழுகிறவள்.

மற்றது இணையத்தில் வரும் தொடர். எழுதுவது கனடாவில் வளர்ந்த எங்கள் பக்கத்துப் பெட்டை. புனைபெயர் நீளம், நாங்கள் "கனடாப் பிள்ளை" என்போம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரம்கூட வராத பொருளாதாரத் தடைக் காலத்துக் காதல். பிள்ளைக்கு அந்தக் காலம் எங்கே தெரியும்? எல்லாம் கேள்வி ஞானம். ஆனாலும் விட முடியவில்லை.

பின்னேரம் 18 வந்தது. நாயகன் ஒரு கட்டி சவர்க்காரத்தை நூலால் இரண்டாக அறுத்து, பாதியை ரியூசன் கடதாசியில் சுற்றி அவளிடம் கொடுக்கிறான். "கரைச்சுப் போடாதையும்" என்கிறான். அவள் கரைக்கவே இல்லை.

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

நவ. 4, செவ்வாய்

அந்தச் சவர்க்காரம் கொடுத்தவன் தே. இங்கேயும் முழுப் பெயர் எழுத மாட்டேன். மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து சுன்னாகத்தில் ரியூசனுக்கு வந்த பெடியன். சவர்க்காரக் கதை அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பாதியும் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் எங்கள் வீட்டோடு போயிற்று. திரும்பி வந்தபோது கூரையே இல்லை.

அவனைக் கடைசியாகக் கண்டது அந்த இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தில், சனத்துக்குள். வன்னிப் பக்கம் போனதாகக் கேள்வி. பிறகு ஒன்றுமில்லை.

இத்தனை வருசமும் நான் மனதுக்குள் அவனை லண்டனில் வைத்திருந்தேன். வழுக்கை, வண்டி வயிறு, இரண்டு பெட்டைப் பிள்ளைகள், பிரஷர் குளிசை. சுகமாக இருந்தான்.

என்னைக் கட்டிய இவர் நல்ல மனிதர். அதையும் எழுதி வைக்கிறேன். தே. எனக்கு வேண்டாம். இருக்கிறானா என்பது மட்டும் தெரிய வேண்டும். அவன் இல்லாவிட்டால் அந்தக் கனடாப் பிள்ளைக்கு யார் சொன்னது?

நவ. 6, வியாழன்

மழை. கரண்டும் போய்ப் போய் வருகிறது.

18 பற்றி ஜெ.: "அக்கா, சவர்க்காரம் குடுக்கிற இடம்! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

ரீச்சர்: "நம்பக் கஷ்டமாக் கிடக்கு. ஆரும் காதலிக்குச் சவர்க்காரம் குடுப்பினமே?"

நான்: "கற்பனைதானே ரீச்சர்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வீடு முழுக்கச் சவர்க்கார வாசம். இவரிடம் கேட்டேன். "வெங்காயம்தான் மணக்குது" என்றார். அறைக்குள் போனாலும் வாசம். தலையணையிலும்.

பின்னேரம் 19. நாயகன் வன்னியில் காய்ச்சலாகக் கிடக்கிறான். கீழே அந்தப் பிள்ளையின் குறிப்பு: அடுத்தது கடைசி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜெ. கொதித்து எழும்பிவிட்டாள். "சாக விடக்கூடாது. எல்லாரும் கொமன்ற் போடுங்கோ!" ரீச்சரே போட்டா. நானும் போட்டேன்: பிள்ளை, அவனைச் சாக விடாதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன். அவள் எழுதினால் அப்படியே ஆகிவிடும் என்பது போல. விசர்தான். தெரிந்துதான் போட்டேன்.

நவ. 8, சனி

வெயில். உடுப்பெல்லாம் கொடியில்.

20 வந்தது. காய்ச்சல் மாறிவிட்டது. அவள் தேடிப் போகிறாள். கலியாணம். ஜெ. குழு முழுக்க இதயமாக அனுப்பித் தள்ளினாள். ரீச்சர்: "இப்பதான் மனுசருக்கு நிம்மதி."

இவரும் கேட்டார்: "என்ன, உம்மடை பெடியன் தப்பீட்டானோ?" "ஓம்" என்றேன்.

கடைசி வரிக்குக் கீழே குறிப்பு: உங்கள் எல்லாருக்காகவும் முடிவை மாற்றியிருக்கிறேன்.

மாற்றியிருக்கிறாளாம். அப்படியென்றால் முதலில் என்ன? அந்தப் பிள்ளைக்குத் தனியாக எழுதினேன்: உண்மையில் நடந்தது என்ன?

நவ. 9, ஞாயிறு

பதில் குரலில் வந்தது. நல்ல பிள்ளை, சிரித்த குரல். "அன்ரி, இது அப்பா சொன்ன கதை. வன்னியிலை அப்பாவும் அந்த அங்கிளும் ஒரே கொட்டிலுக்கை இருந்தவையாம். காய்ச்சலுக்கையும் சவர்க்காரக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவராம். மலேரியா. இடம்பெயர்ந்து அடுத்த மாரிக்கே செத்திட்டார். அப்பாதான் தாட்டது. அந்த அக்கா ஆரெண்டு அப்பாவுக்குத் தெரியாது. சோகமா முடிச்சால் ஆர் அன்ரி வாசிப்பினம்?"

அடுத்த மாரிக்கே. எனக்குக் கலியாணப் பேச்சே எடுக்கவில்லை அப்போது. நான் வழுக்கை விழுத்தி, வண்டி வைத்து, பிள்ளை பெறவைத்த மனிதன் ஒருநாளும் இருக்கவில்லை. யாரிடம் சொல்லி அழ?

செத்த செய்தி எத்தனை வருசம் கழித்துக் கேட்டாலும் தலைக்குத் தோய வேண்டும். சொந்தமான உரித்துக்காரருக்குத்தான் அது. நான் அவனுக்கு என்ன உரித்து? கிணற்றடிக்குப் போய்த் தலையில் ஊற்றினேன்.

இவர் கண்டுவிட்டார். "என்னப்பா, இந்த நேரத்திலை தோயிறீர்? ஆர் செத்தது?"

"கதையிலை அந்தப் பெடியன்."

"தப்பீட்டான் எண்டெல்லே நேற்றுச் சொன்னீர்?"

"அது நாங்கள் கெஞ்சினபடியால்."

இன்னொரு வாளி அள்ளினேன்.