இழை முதலா, சேலை முதலா

மேசைமேல் ஒரு விடைத்தாள் கிடக்கிறது. எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்த யாரோ எழுதியது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில், ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு ஃபார் லூப்பை ஒரே வரிப் பட்டியலாக மாற்றச் சொல்லியிருந்தோம். உள்ளே இருக்கும் லூப்பை முன்னால் எழுதி, வெளியே இருப்பதைப் பின்னால் போட்டிருக்கிறார். அதே தப்பு. நம் தப்பு. உடனே உன்னிடம் சொல்ல போனை எடுத்தேன். நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஏனாத்தூர் காலேஜில் சேர்ந்து படித்த நாட்களில் உங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதைப் பழகினோம். கம்ப்யூட்டர் கிடையாது, பேப்பர்தான். பேப்பர் எந்தத் தப்பையும் காட்டிக்கொடுக்காது. "வெளி லூப் முதல்ல வரணுமோ?" என்று கேட்டேன். நீ தறியைக் காட்டினாய்.

"இங்க பாருபா. இழை சேர்ந்து வரிசை ஆவுது, வரிசை சேர்ந்து சேலை ஆவுது. சேலையில இருந்தா இழை வருது? சின்னதுதான் முன்னால."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பைத்தானுக்குப் படவில்லை. சேலையிலுள்ள ஒவ்வொரு வரிசையும் என்று முதலில் சொல்ல வேண்டும். வரிசையிலுள்ள ஒவ்வொரு இழையும் என்பது அதற்கப்புறம்தான்.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனபோது இருவரும் அதே தப்பான வரியை எழுதினோம். என்னிடம் இன்டர்வியூ எடுத்த அதிகாரி ஆங்கிலத்தில், சின்ன ஸ்லிப், அவசரத்தில் எழுதிவிட்டீர்கள் என்றார். அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். சின்ன காஞ்சிபுரத்தில் வாத்தியார் என்றேன். தலையாட்டினார். உன்னிடம், அடிப்படையே புரியவில்லை என்றாராம். எனக்கு வேலை கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். எனக்கு எரிந்தது.

"நீ போட்டா ஸ்லிப்பு, நான் போட்டா தப்பாடா? இன்னா லாங்குவேஜுடா இது!"

"நான் போய்க் கேக்கறேன்டா."

"கேட்டா? உன் வேலையும் பூடும். கம்முனு வா, ஐயம்பேட்டை தாண்டிடுச்சு, நம்ம ஊரு வந்துடும்."

மறு வருஷம், நீ கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்வந்த தொழிற்சாலை வேன்மேல் லாரி மோதியது. அந்த வேலை உனக்குக் கிடைத்திருந்தால் நீ அந்த வேனில் ஏறியிருக்கமாட்டாய். இப்படி யோசிப்பது சரிதானா? தெரியவில்லை. உன்னைத் தள்ளியது உன் பேச்சா, சாதியா, உன் அப்பாவின் தறியா? இல்லை, வேறு ஏதாவது கேள்வியில் நிஜமாகவே சொதப்பினாயா? அதையாவது நான் கேட்டு வைத்திருக்கலாம். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் இத்தனை நாளாகக் கோபமாக இருக்கிறேன்.

இன்று எல்லா விடைத்தாள்களிலும் பெயரும் ஊரும் உள்ள மேல்பகுதியை மடித்துவிட்டுத்தான் திருத்த உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆனால் இந்த ஆளின் ஆங்கிலம் தடுமாறுகிறது, எழுத்துப் பிழைகள் வேறு. படிக்கும்போதே என் கை மதிப்பெண்ணைக் குறைக்கப் போகிறது. மேல்பகுதியை மடித்துவிட்டேன். இதை எப்படி மடிப்பது, சொல்லு?