கால் வலிக்கு வயிற்றில் ஸ்கேன்

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. அதாவது அம்மா சொல்ல, உன் தங்கை வாலு எழுதுவது. தையல் மிஷின் ஊசி அம்மாவின் விரலில் ஏறிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆரம்பிக்கச் சொன்னாள், ஆரம்பித்துவிட்டேன், நம்புவது உன் பாடு அக்கா. இனி அம்மா.

உன் கடிதத்தை நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சதை வெளியே வளர்ந்து, காலுக்குப் போகிற நரம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறாய். முன்பு எடுத்த ஸ்கேனிலெல்லாம் கருப்பையை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள், இந்த டாக்டரம்மாதான் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி நரம்பு போகிற வழியைத் தேடிப் பார்த்து, கறுப்பாக ஒரு முடிச்சைக் கண்டு, அங்கே மெல்ல அழுத்தி, இதே வலிதானா என்று கேட்டாராம், நீ ஆமாம் என்று அழுதாயாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எலும்பு டாக்டரும் கேட்டாரடி, தூரமாகிற நாட்களில்தான் கால் வலிக்குதா என்று. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எனக்குக் கூச்சம், நீ வாய் திறக்குமுன் அதெல்லாம் இல்லை டாக்டர், பள்ளிக்கூடம் போக வலிக்குது என்று முந்திக்கொண்டேன். அவரும் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார். இப்போது ஆபரேஷன் செய்தாலும் பாதத்தைப் பழையபடி தூக்க முடியுமா என்பது நிச்சயமில்லை என்கிறாய். பெற்றவள் நானே இப்படி...

அக்கா, அம்மா முகம் கழுவப் போய்விட்டாள். இது அவள் சொல்லாதது. நீ வெளியூர் போன பிறகும் உன்னைப் போலக் காலை இழுத்து நடந்து காட்டுவேன், அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். மூன்று மாதமாக அந்த நாட்களில் எனக்கு நிஜமாகவே இழுக்கிறது, இடுப்புக்குப் பின்னால் பிடித்துக் குதிகால் வரைக்கும். சொன்னேன். போதும் நிறுத்துடி, அவ படறது பத்தாதா என்று அம்மா திட்டினாள். அப்பா, முன்னைவிடத் தத்ரூபமா இருக்கு என்றார். பாராட்டுக்கு நன்றி சொல்வதா, அழுவதா என்றே தெரியவில்லை. அம்மா வருகிறாள், இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வாள். இதையும் சேர்த்தே படிக்கப் போகிறேன்.

கண்ணு, கட்டை அவிழ்த்துவிட்டு நானே எழுதுகிறேன், கோணலாக இருக்கும். வாலுவுக்கு எந்த ஸ்கேன், நரம்பையும் பார்க்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்று உடனே எழுது. ஆபரேஷன் தேதியை என்னிடம் மறைக்காதே. நல்லபடியாக எழுந்து நடப்பாய், நூறு வருஷம் நன்றாயிரு. வாலு என் மடியில் காலை நீட்டியிருக்கிறாள், என்னைச் சிரிக்க வைக்க என்னென்னவோ சொல்லிப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா