நளீம் சேருக்கு நான் கொடுக்காத மன்னிப்பு

கல்முனைக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் றிஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நோர்வேயில் இப்போது இரவிலும் வெளிச்சமாமே, அதற்காக விழித்திருக்காமல் நேரத்துக்குத் தூங்கு. வாப்பா சிறுபோகத்துக்கு விதைத்துவிட்டார், வாய்க்காலில் தண்ணீர் வராததால் அவருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. போனில் சொன்னால் நடுவிலே "உடுங்க உம்மா" என்று என் வாயை அடைப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி றினாஸ் இதைப் படம் பிடித்து உடனே உனக்கு அனுப்புவான்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு உன் பேராசிரியர் நளீம் சேர் வீட்டுக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறாராம், போகுமுன் வழக்கப்படி வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார், கூடவே சொந்தக்காரர் ஒரு கூட்டம். கூட்டத்தில் ஒருவர், சேரின் கிணற்று உப்புக் கட்டுரையை மண் ஆராய்ச்சிக்காரரும் சிறுநீரக டாக்டர்மாரும் மீன் ஆராய்ச்சிக்காரரும்கூட மேற்கோள் காட்டுகிறார்கள், உலகமெல்லாம் நம் ஊர்ப் பெயர் என்று பெருமையடித்தார். பாலமுனையில் கிணறு கிணறாக இறங்கி, சோடாப் போத்தலில் தண்ணீர் சுமந்தது யார்? கயிறு அறுத்த உன் உள்ளங்கையில் எண்ணெய் தடவியவள் நான். கணக்குப் போட்டு எழுதியதும் நீ. "பேர அடுத்த கட்டுரையில போடுவம்" என்று சொல்லித் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டவர் அவர். இப்போது உன் சொந்த ஆய்வையே நீ அவர் பெயரில் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது, நீ எழுத எழுத அவர் மேற்கோள் எண்ணிக்கைதான் கூடுகிறது. பெரிய கட்டுரை உன் பெயரில் இல்லை என்றுதானே அந்த நிரந்தர வேலையும் கை நழுவியது?

அவர் வழக்கம்போல, "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் பிழ செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க" என்றார். உன் வாப்பா, சேர் சொல்லி முடிக்கும் முன்பே மன்னித்துப் பொருந்திவிட்டார், அவர் குணம் உனக்குத் தெரியும். நான் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பிழ எண்டு சொல்லுங்க சேர், கேட்டுப்போட்டுப் பொருந்திறன்" என்றேன். சிரித்தார். "என்ட மகள்ட பேர எங்க வெச்சீங்க?" என்றேன். சிரிப்பு நின்றது. அது பல்கலைக்கழக வழமை என்று என்னவோ முனகினார். பக்கத்து வீட்டு சபியா உம்மா என் கையைக் கிள்ளி, ஹஜ்ஜுக்குப் போற மனிசனிடம் கதைக்கிற கதையா இது என்றாள். நான் விடவில்லை. அந்த ஹக்கு, அந்த உரிமை, என் மகளுடையது, அதை விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது, அவளிடமே கேளுங்கள் என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். யாரும் தேநீரைத் தொடவில்லை. நேற்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன், அதை மறைக்க மாட்டேன்.

போகும்போது வாப்பாவிடம் உன் நம்பரை வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பயணம், அதற்குள் உன்னைக் கூப்பிடுவார், அழவும் செய்வார். நீ இளகிய மனசுக்காரி, "பரவாயில்ல சேர்" என்று சொல்லிவிடுவாய் என்றுதான் எனக்குப் பயம். சொல்லாதே. ஆய்விதழுக்கு எழுதித் திருத்தம் போடச் சொல், உன் பெயர் முன்னால், அவர் பெயர் பின்னால். உன் அடுத்த விண்ணப்பத்தில் அது இருக்க வேண்டும். கஃபாவுக்கு முன்னால் நின்று எவ்வளவு அழுதாலும் உன் ஹக்கை நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், அந்தப் பயத்தோடு அவர் விமானம் ஏறட்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உன் பெயரிலேயே நல்ல வேலையையும் தரட்டும். பழஞ்சோறு இல்லாவிட்டாலும் காலையில் ஏதாவது சாப்பிடு. ஒன்றை மட்டும் நினைவில் வை: திருத்தம் வருமுன் நீ அவரைப் பொருந்தினால், நான் உன்னைப் பொருந்த மாட்டேன்.

துஆவுடன்,
உன் உம்மா ஜெமீலா