பூட்டாத வண்டிக்கு வரி இல்லை

சகலை,

கையில் இன்னும் தார் வாசனை. தவிடு போட்டுத் தேய்த்தும் போகவில்லை, நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பாலத்துக் கேட்டில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். காய்ந்துவிட்டது என்று நினைத்து எழுத்தை விரலால் தடவிப் படித்தேன், ஒட்டிக்கொண்டது. குத்தகை வேறு ஆள் கைக்குப் போய், பாலத்து வரி மறுபடி ஏறியிருக்கிறது. அதோடு விடவில்லை. மாடு பூட்டாத வண்டிக்கும் அதே வரி என்று கடைசியில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அதைப் படித்ததும் உம்மைத்தான் நினைத்தேன். அழுகை வந்தது என்று எழுதினால் நீரே நம்பமாட்டீர். பொறாமைதான் வந்தது. இந்தப் பலகை கண்ணில் படுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டீரே, அதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நமக்குள் இது புதிதில்லை. நான் மூத்தவளைக் கட்டியவன், நீர் இளையவளைக் கட்டியவர். முறைப்படி பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டு வாசலில் நம் வண்டிகள் வந்து நிற்கும்போது முதல் செம்புத் தண்ணீர் எனக்கு வரவேண்டும். வந்ததெல்லாம் உமக்குத்தான். கறி எடுத்த நாளில் ஈரல் உம் இலையில் விழும். "சின்ன மாப்பிள்ளைக்கு ஈரல்னா உசுரு" என்பார் மாமியார். பெரிய மாப்பிள்ளைக்கு எதன்மேல் உயிர் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டது கிடையாது. தொழிலும் இருவருக்கும் ஒன்றே. நான் ராஜபாளையத்தில் பருத்திப் பொதி ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சாத்தூர் ரயிலடிக்குப் போவேன். நீர் கான்சாபுரத்து நெல்லை ஏற்றி ராஜபாளையம் கடைகளுக்கு வருவீர். ஒன்றாய்ப் போகிற நாளில் என் வண்டிதான் முன்னால் போகும். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து உம்மிடம்தான் "சௌக்கியமா" என்பார்கள். முன்னால் போகிற வண்டியில் ஆள் உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது போலும்.

அப்படிப்பட்ட நம்மை ஒரே நாளில் ஒரே ஆளைத் திட்டவைத்தது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிற அந்தப் பாலம்தான். ஒருகாலத்தில் ஓடை மணலில் இறங்கி ஏறிய நாம், பாலம் வந்ததும் மகிழ்ந்துதான் போனோம். பாலம் வந்த பிறகு பழைய இறக்கத்தை வெட்டிவிட்டார்கள். வெறும் மாடு இறங்கலாம், பாரவண்டி இறங்கினால் அச்சுவரை புதையும். வேறு வழி இல்லை என்று தெரிந்துகொண்டுதான் குத்தகைக்காரர் வரியை ஏற்றிக்கொண்டே போனார். வியாபாரிகளோ வாடகையை ஏற்ற மறுத்துவிட்டார்கள். "பாலத்து வரி வண்டிக்காரன் பாடு" என்று சொல்லிவிட்டார்கள். என் மயிலையையும் செவலையையும் சந்தைக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை என்ற நிலைமை. மாடு போனால் நான் பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான். அந்த வருஷம் என் வீட்டில் இரண்டு வேளைச் சோற்றோடு இந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் தின்றோம்.

ஆடிப்பூரத்துக்கு நானும் வீட்டுக்காரியும் வந்துகொண்டிருந்தபோது, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மயிலைக்குக் கால் பிசகிவிட்டது. மாடுகளை அவிழ்த்து அவளிடம் கொடுத்து ஓடைக்குள் இறக்கி விட்டேன். வண்டியில் பாரம் இல்லை. நானே நுகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். கேட்காரன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாடு பூட்டின வண்டிக்குத்தான்வே வரி. நீரே மாடானா அதுக்கு இதுல எழுதலை, போம்" என்று சிரித்தான். அந்த அவமானத்தை மாமியார் வீட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கொஞ்சம் இரக்கப்படுவார்கள், ஒரு கரண்டி பாயசமாவது கூட விழும் என்று நினைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் சோற்றுருண்டையோடு அப்படியே இருந்தீர்.

"அண்ணாச்சி, பூட்டாத வண்டிக்கு வரி இல்லைன்னா சொன்னான்?"

"ஆமாவே. நான் பட்ட பாட்டைச் சொல்லுதேன், நீரு வரியைக் கேக்கீரு."

தெருவில் தேர் போய்க்கொண்டிருந்தது. நீர் வடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

மறுநாள் வண்டிப்பேட்டையில் ஒரு பாரவண்டியின்மேல் ஏறி நின்று நீர் பேசினீர். எல்லோரும் பாலத்துக்கு இந்தப் பக்கமே மாட்டை அவிழ்ப்போம், மாடு ஓடையில் போகட்டும், வண்டியை வடம் கட்டி நாமே இழுப்போம், ஒரு வண்டிகூட வரி கொடுக்கக்கூடாது என்றீர். "தேரையே இழுக்கிற ஊரு, பொதி வண்டியை இழுக்க முடியாதாக்கும்?" என்றீர். பேட்டையே எழுந்து நின்றது. ஆட்டுத்தோல் வியாபாரம் செய்கிற ராவுத்தர்கூடத் தம் வண்டிகளை அனுப்புவதாகச் சொன்னார். அது என் வண்டி, என் மயிலையின் கால், நான் பட்ட அவமானம். பேச்சு முழுக்க என் பேர் ஒரு இடத்தில்கூட வரவில்லை. வயிறு எரிந்தது சகலை. சும்மா சொல்லவில்லை, நெஞ்சுக்குக் கீழே சுட்டது.

முதல் நாள் என்ன ஆயிற்று என்று உமக்கு நினைவிருக்கும். நீர் வடத்தின் தலைப்பில் நின்றீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி மாப்பிள்ளை மாதிரி இருந்தீர். என்னைப் பின்சக்கரத்தில் தோள்கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஏற்றத்தில் வண்டி சுகமாக ஏறியது. நடுப்பாலம் தாண்டி இறக்கம் வந்ததும்தான் தெரிந்தது, மாடு இழுக்க மட்டும் அல்ல, பிடித்து நிறுத்தவும்தான் என்று. வடம் பிடித்துப் பழகிய ஜனம். தேருக்கு முட்டுக்கட்டை போடுவது வேறு ஆட்களின் வேலை, அதை நம்மில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. பொதி வண்டி தானாக உருண்டு உங்கள் முதுகை நோக்கி இறங்கியது. நான் வண்டிக்கு ஊன்றுகிற கட்டையைப் பிடுங்கிச் சக்கரத்துக்குக் கீழே செருகினேன். வண்டி நின்றது. கட்டையோடு என் இடது கால் பெருவிரலும் உள்ளே போயிருந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள். உம்மிடம் வந்தார்கள். "அடி ஒண்ணும் படலையே, அடி ஒண்ணும் படலையே" என்று உம் முதுகைத் தடவிப் பார்த்தார்கள். நீர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலைப் பிடித்து, உம் துண்டைக் கிழித்துக் கட்டினீர். அதற்கும் உம்மைத்தான் மெச்சினார்கள்.

பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் முட்டுக்கட்டைக்கு ஆள் வைத்தோம். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவிக்கப் போகிற ஜனமும் வழியில் வடத்தைப் பிடித்தது. "கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டே நெல் மூட்டையை இழுத்தார்கள். கேட்காரன் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தான். ராஜபாளையத்தில் பெண்கள் கும்மியில் உம் பேரைச் சேர்த்தார்கள். என் வீட்டுக்காரியும் வட்டத்தில் நின்று கைதட்டினாள். "ஏட்டி, உன் புருஷன் விரலையும் ஒரு அடியில சேர்க்கப்படாதா?" என்று கேட்டேன். "விரலு கும்மிக்குச் சேராது" என்றாள்.

கார்த்திகையில் செண்பகத்தோப்புப் பக்கம் மழை கொட்டி, ஓடையில் வெள்ளம் வந்தது. மாட்டை இறக்க முடியாமல் வண்டிகள் பாலத்திலேயே நின்றன. பாலத்தை மறித்ததாகக் குத்தகைக்காரர் பிராது கொடுத்தார். அதிகாரி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இதை ஆரம்பித்தது யார் என்று கேட்டார். சகலை, அன்று நான் முன்னால் போக ஓர் அடி எடுத்து வைத்தேன். விரல் நசுங்கின கால், கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். அதற்குள் நீர் போய் நின்றுவிட்டீர்.

"நான்தான், எஜமான். யோசனை, பேச்சு எல்லாம் என்னோடதுதான். மத்தவங்க நான் சொன்னதைக் கேட்டவங்க."

உமக்குத் தண்டனை கொடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிறையில் அடைத்தார்கள். உம் வண்டியையும் மாட்டையும் எடுத்துக்கொண்டார்கள். என் மயிலையும் செவலையும் என் தொழுவத்திலேயே நின்றன. மாமியார் தினம் உமக்குச் சோறு கொடுத்தனுப்பினார். ஒருநாள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தேன். ஈரல் இருந்தது.

நீர் உள்ளே இருந்தபோதும் பேட்டை வடத்தை விடவில்லை, கடைசியில் வரி குறைந்தது. குத்தகைக்காரர் பழைய கட்டணத்துக்கே இறங்கி வந்தார், உம்மையும் விட்டார்கள். நீர் வெளியே வந்த அன்றே கேட்டுவிட்டேன். என் மாட்டைக் காப்பாத்தணும்னு முன்னாடி போனீரா, பேரைத் தட்டிக்கிட்டுப் போகணும்னு போனீரா என்று. நீர் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னீர்.

"ரெண்டும்தான் அண்ணாச்சி."

அந்தப் பதிலுக்காகவே உம்மேல் இன்னும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன். எனக்கு அப்படி உள்ளபடி சொல்ல வராது. பிறகு சீமையில் ராணி காலமாகி ராஜா பட்டத்துக்கு வந்தார். நீர் பழையபடி ஒரு ஜோடி மாடு வாங்கிக் கான்சாபுரத்துக்கும் ராஜபாளையத்துக்கும் நடையடித்தீர். போன மாசியில் பேதி கண்டு மூன்றாம் நாள் போய்விட்டீர். பேட்டையில் அன்று ஒரு வண்டியும் பூட்டவில்லை.

இப்போது இந்தப் பலகை. பூட்டினாலும் வரி, பூட்டாவிட்டாலும் வரி. நம் யோசனை செத்துப்போயிற்று. செத்த பிறகாவது அதை என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேனே. இளவட்ட வண்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். "அவிய இருந்தா என்ன சொல்லுவாக?" என்றார்கள். அப்போதும் உம்மைத்தான் கேட்டார்கள். "அவிய இல்லை, நான் சொல்லுதேன். வண்டியைப் பாலத்துல நிறுத்துங்க. வரியும் கொடுக்காதீக, வழியும் விடாதீக" என்றேன்.

நேற்று அதிகாரி வந்தார். இவர் சின்ன வயசுக்காரர். யார் இதற்கு முன்னால் நிற்பது என்று கேட்டார். கால் இழுத்துக்கொண்டுதான் போகிறது, ஆனாலும் இந்தத் தடவை எனக்கு முன்னால் யாரும் ஓடவில்லை. "நான்தான், எஜமான்" என்றேன். நாளை தாலுகா கச்சேரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாடும் வண்டியும் போய்விடும், அது தெரிந்துதான் சொன்னேன். செய்தி கேட்டு மாமியார் ஆள் அனுப்பியிருக்கிறார், பெரிய மாப்பிள்ளைக்கு என்ன சமைத்து அனுப்ப என்று கேட்டு.

நான்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன் சகலை. எல்லார் முகத்திலும் இரக்கம்தான் இருந்தது. "பாவம், இந்த வயசுல" என்று ஒருவன் சொன்னதும் காதில் விழுந்தது. அன்றைக்கு நீர் போய் நின்றபோது கூட்டத்தில் ஒருத்தனாவது வயிறெரிந்து உம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்படி ஒருத்தன் இல்லை.