நான் நிறுத்தவில்லை

1954, ஆடி வெள்ளி

தமிழ் படிக்கப் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த எலன் இன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வருஷம் எங்களோடுதான் இருப்பாள். அவளுக்கும் என் வயதுதான். அப்பா ஏலக்காய் மண்டியைச் சாத்திவிட்டு அவளை அழைத்துவந்தார். "படிக்கணும்னு தனியா இம்புட்டுத் தூரம் வந்திருக்கே!" என்று எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தார்.

சாப்பிடும்போது எலன், "நீங்கள் என்ன படிக்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

அம்மா முந்திக்கொண்டு, "எட்டாவதோட இவ படிப்ப நிறுத்தியாச்சும்மா" என்றாள்.

அந்தக் கடைசிச் சொல் எலனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இவங்க நிறுத்துனாங்கன்னு அர்த்தம். நான் நிறுத்தல" என்றேன்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "நாளைக்கு அந்தப் புள்ளைக்குச் சொல்லிக்குடுக்க வாத்தியார் வர்றாரு. நீ அந்தப் பக்கம் போகாத" என்றார்.

போவேன். எலன் பக்கத்திலேயே உட்காருவேன். எழுந்து போ என்பதை அப்பா அவள் முன்னாலேயே சொல்லட்டும்.